திருவரங்கத்தில் ஏகாதசி முந்தி வரும் ஆண்டு

குறித்த நாள் வந்தவுடன் வாழ்த்துச் செய்தியைத் தானே அனுப்பும் வணிக மென்பொருள்கள் இன்று பெருகிவிட்டன. நாள் பார்த்து வேலை தொடங்கும் இவ்வகை ஏற்பாடு திருவரங்கம் அரங்கநாதர் கோயிலுக்குப் புதிதன்று. இங்கே தேரோட்டங்களை முடிவு செய்வது ஆங்கிலத் தேதியல்ல, மாதமும் நட்சத்திரமும்தான். சித்திரையில் ரேவதி, தையில் புனர்பூசம். சித்திரை விழாவுக்கு, 1383-இல் அதை ஏற்படுத்திய விருப்பண்ண உடையாரின் பெயரால் விருப்பன் திருநாள் என்று பெயர்.

இரண்டு விதிகள் ஒரே நாட்களைக் கேட்டால் என்ன செய்வது? மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வைகுண்ட ஏகாதசி மார்கழி வளர்பிறையில் வருவது. திதி சந்திரனைப் பின்பற்றும். தமிழ் மாதமோ சூரியனைப் பின்பற்றும். ஏகாதசி மார்கழிக் கடைசியில் விழுந்தால், அன்று தொடங்கும் இராப்பத்து தை மாதத்துக்குள் நீளும். அங்கே தைத்தேர்த் திருநாள் காத்திருக்கும். இரண்டுக்கும் எழுந்தருள வேண்டியவர் நம்பெருமாள் ஒருவரே.

அப்போது விட்டுக்கொடுப்பது தைத்தேர் அல்ல, அதைவிடப் பெருங்கூட்டம் கூடும் ஏகாதசிதான்! அது ஒரு மாதம் முன்னதாகக் கார்த்திகைக்கு நகரும். மற்ற கோயில்கள் 2022 ஜனவரி 13 அன்று கொண்டாடிய ஏகாதசிக்கு, திருவரங்கத்தில் 2021 டிசம்பர் 14 அன்றே பரமபத வாசல் திறந்தது.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி நேர்வதாகச் சொல்வது வழக்கம். அதற்குக் கணிதக் காரணம் உண்டு: 19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் ஏறக்குறைய சமம். இந்தக் கணக்குப்படி அடுத்த முறை 2040.