பிந்தி வந்த அன்பு: கர்ண மோட்சக் கூத்தில் பொன்னுருவியின் விடைப்பாடல்

வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் மிகுதியாக நடத்தப்படும் நாடகங்களுள் ஒன்றான கர்ண மோட்சம், ஆத்தூர் உள்ளிட்ட சேலம் வட்டாரக் கூத்து மரபிலும் இடம்பெற்றுள்ளது. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் இந்நாடகம், பாரதப் போரின் 17ஆம் நாளில் கர்ணன் வீழ்வதைப் பொருளாகக் கொண்டது. ஆயினும் அதன் உணர்ச்சி மையம் போர்க்களத்தில் மட்டும் இல்லை. களம் புகுமுன் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சியிலும் உள்ளது. வியாச பாரதம் அறியாத இப்பொன்னுருவி, கதைப்பாடலும் கூத்தும் வளர்த்தெடுத்த பாத்திரம்.

விடைபெற வந்த கணவனைத் தேரோட்டி வளர்த்த மகன் என்று பொன்னுருவி இகழ்கிறாள். இருவரும் மாறி மாறிப் பாடி வாதிடும் இப்பகுதி தர்க்கம் எனப்படும். தான் குந்தியின் மகன் என்பதைக் கர்ணன் வெளியிட்டதும் அவள் மனம் உடைந்து, போருக்குப் போகவேண்டாம் என்று மன்றாடுகிறாள். இகழ்ச்சி காதலாகும் கணத்திலேயே காதலுக்குக் காலம் இல்லாமற் போகிறது.

அரச குலத்தவன் என்று அறிந்த பிறகே மனைவி கணவனை ஏற்கிறாள் என்பதால், இக்காட்சி பிறப்பின் உயர்வையே நிலைநாட்டுகிறது என்று வாதிட இடமுண்டு. பாடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்வாதம் வலுவானதே. ஆனால் நாடகத்தின் அமைப்பு வேறொரு முடிவுக்கு இட்டுச் செல்கிறது. கர்ணனின் பிறப்பை முன்வைத்துத் தாய் வருகிறாள். பிறப்பு தெரிந்த பின் மனைவி உருகுகிறாள். ஆனால் பிறப்பைக் கேளாமலே அங்க நாட்டை அளித்தவன் துரியோதனன். உண்மை வெளிப்பட்ட பிறகும் கர்ணன் அந்த நட்பின் பக்கமே நிற்பதால், குலம் கேட்ட அன்பு குலம் கேளாத அன்பின் முன் தோற்கிறது. இக்காட்சியின் கசப்புக்கு மரணத்தினும் ஆழமான காரணம் இதுவே.

இப்பொருளைக் கூத்துக் குழுவின் பாட்டு முறையும் உறுதிப்படுத்துகிறது. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் ஆகியவற்றோடு அமர்ந்திருப்போர், ஆடுபவர் பாடிய அடியை ஏற்றுத் திரும்பப் பாடுவது பின்பாட்டு. பொன்னுருவி வேடமிட்ட கலைஞர் இகழ்ச்சி அடியைப் பாடி நிறுத்தும்போது, பின்பாட்டுக்காரர் அதை ஏற்றுப் பாடுவதால், ஒரு பெண்ணின் சொல் ஊரின் சொல்லாக ஒலிக்கிறது. அவள் வருந்திப் பாடும் அடிகளையும் அதே குரல்களே ஏற்கின்றன. இகழ்ந்த ஊரே வருந்துகிறது என்ற இவ்விளக்கம் அச்சுப் பனுவலில் எழுதப்படாதது. கூத்துக்குழு தன் நிகழ்த்துமுறையால் பாடலுக்குத் தந்த பொருள்.

நிகழ்த்தும் சூழலும் இங்குக் கருதத்தக்கது. வட தமிழ்நாட்டின் பல ஊர்களில் இறந்தோருக்கான சடங்குகளை ஒட்டியும் கர்ண மோட்சம் நடத்தப்படுகிறது. இறந்தவர் நற்கதி அடையவேண்டும் என்ற வேண்டுதல் அதன் அடிப்படை எனினும், துக்க வீட்டார் முன் பொன்னுருவியின் பாடல் மற்றொரு கடமையையும் செய்கிறது. உயிரோடிருந்தபோது மதிப்பளிக்கத் தவறியதை எண்ணி வருந்தும் மனங்களுக்கு, அவ்வருத்தத்தை அவையறியப் பாடிக் கொடுக்கிறது.

எனவே இப்பாடலைப் புலம்பல் என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது. அது பிறப்பை அளவுகோலாகக் கொண்ட சமூகத்தின் மீது அன்பின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கு. அவ்வழக்கின் முழு வலிமையும் கலைஞர்களின் குரலிலும் பின்பாட்டின் ஏற்பிலும் வெளிப்படுவதால், கூத்துப் பனுவல்களைப் பதிப்பிப்போர் பாடத்தோடு நிகழ்த்துமுறையையும் பதிவு செய்தல் இன்றியமையாதது.