மைக் செட் கடைகள் காத்த மதுரைப் பாட்டு

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, மாரியம்மன் பொங்கல் என எது நடந்தாலும் முதல் நாளே வந்து இறங்குவது மைக் செட்டாகத்தான் இருந்தது. வேப்பமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, பந்தல் ஓரத்தில் மேசை போட்டு, தகரப் பெட்டியைத் திறப்பார் சவுண்ட் சர்வீஸ்காரர். பெட்டிக்குள் காகித உறையில் கறுப்புத் தட்டுகள் வரிசையாக நிற்கும். ‘பிளேட்டு’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். திருமங்கலத்திலோ மேலூரிலோ உசிலம்பட்டியிலோ அந்தத் தொழிலை நடத்தியவர்கள் தங்களைச் சேகரிப்பாளர் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. வாடகைக்கு ஓடியது போக மிச்சத்தை வீசி எறியாமல் பரணில் ஏற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். நாடக மேடையிலும் கச்சேரியிலும் பிறந்த பழைய மதுரைப் பாட்டில் இன்று காதால் கேட்கக் கிடைப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சம் மிஞ்சியதில் இப்படிப்பட்ட பரண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தியாவில் இசைத்தட்டுக் கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் அங்கே வந்து கௌஹர் ஜானைப் பாட வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் தெற்கிலும் ஒலிப்பதிவு நடந்தது. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றவர்களின் குரல் தட்டுகளில் ஏறியது. தொடக்கத்தில் பதிவு இங்கே நடந்தாலும் தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை எழுந்தது 1908இல்தான். பாடி முடித்ததும் பாடகியே தன் பெயரை உரக்கச் சொல்லும் வழக்கத்தை அந்தக் காலத் தட்டுகளில் கேட்கலாம். கடல் கடந்த தொழிற்சாலையில், மொழி தெரியாத தொழிலாளி இது யாருடைய பாட்டு என்று அறிந்துகொள்ள அதுதான் வழி.

கோயம்புத்தூர் தாயியின் தட்டு போன தூரம் வியப்பூட்டுவது. மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவர் குரலைத் தட்டில் கேட்டு மயங்கி, 1912 வாக்கில் இந்தியாவுக்கும் வந்துபோனார். தாயி பாடிய திருவருட்பாவை வைத்து ‘ராகமாலிகா’ என்ற படைப்பையே எழுதினார். பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகி ஒலியை மழுக்கச் சொல்கிறது அந்தப் படைப்பு. வள்ளலாரின் தமிழைப் பாரிசுக்குக் கொண்டுபோனது கடையில் விற்ற பத்து அங்குலத் தட்டுதான்.

மதுரை அப்போது நாடகத்தின் தலைநகரமாக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அந்தச் சபையில்தான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் வளர்ந்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் விடிய விடிய நாடகம் நடக்கும். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். ஆர்மோனியத்தின் உச்சக் கட்டையில் நின்று பாடும் குரலை அந்த மேடை உருவாக்கியது. 1925 வரை ஒலிப்பதிவுக்கும் மைக் கிடையாது. பெரிய கூம்புக்குள் வாயை வைத்துப் பாட வேண்டும், அந்த அதிர்வே மெழுகில் கோடு கீறும். மெல்லிய குரல் அதில் பதியாது. நாடகக்காரர்களின் குரல் அந்தக் கூம்புக்கென்றே செய்ததுபோல இருந்தது. 1933இல் 27 வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் மேடையை நாம் பார்க்க முடியாது. அந்த வேகத்தையும் பிருகாவையும் அவர் பிற்காலத்தில் கொடுத்த சில தட்டுகளில் மட்டுமே கேட்கிறோம்.

மேடைப் பாட்டு தட்டுக்குப் போனபோது உருவமும் மாறியது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஓடுவது ஏறத்தாழ மூன்று நிமிடம். கொட்டகையில் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டுக் கேட்டு அரை மணி நேரம் நீண்ட பாட்டை மூன்று நிமிடத்துக்குள் அடக்கினார்கள். ஆலாபனை போயிற்று, பல்லவியும் ஒரு சரணமும் நின்றன. தமிழ்ச் சினிமாப் பாட்டு மூன்று நான்கு நிமிடத்துக்கு வந்து சேர்ந்ததில் இந்தத் தட்டின் அளவுக்கும் பங்கு உண்டு.

மதுரகவி பாஸ்கரதாஸ் இங்கேதான் வருகிறார். 1892இல் நாகலாபுரத்தில் வெள்ளைச்சாமியாகப் பிறந்து, மதுரையில் நிலைத்து, நாடக நடிகர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். வள்ளி திருமணத்து முருகன் நடுவில் நின்று காந்தியைப் பாடுவான். கூட்டம் எழுந்து நிற்கும். ‘கொக்கு பறக்குதடி’ என்று நடிகர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் மேடையில் பாடினால் எந்த வெள்ளைக் கொக்கு என்று கேட்பவர்களுக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியும். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ் பலமுறை சிறை போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் முருகன் வேடத்திலேயே உயிர் துறந்தார். நாடகத்தை அடக்க அரசின் கையில் 1876ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. வீட்டு முற்றத்தில் சாவி கொடுத்துச் சுழலும் தட்டை அப்படி வளைத்துப் பிடிக்க முடியவில்லை. தேசியப் பாட்டைத் தட்டில் போட்டு விற்றவர்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகளும் இருந்தன. இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் தியடோர் பாஸ்கரன். அவருக்கு முன்னால் இதைப் படிக்கத்தக்க வரலாறு என்று மதித்தவர்கள் மிகக் குறைவு.

அனுமந்தராயன் கோயில் தெருவில் இன்னொரு கதை. வீணைக் கலைஞர் ஷண்முகவடிவின் வீட்டில் 1916இல் பிறந்த குஞ்சம்மாள், காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் மணிக்கணக்கில் பாடிக்கொண்டிருப்பாள். கிராமபோன் மீது அந்தக் குழந்தைக்கு அவ்வளவு மோகம். பத்து வயதில் ‘மரகத வடிவும்’ பாட்டைப் பாடி நிஜக் கூம்புக்காரர்களின் தட்டிலேயே இடம் பிடித்தாள். வீணை வாசித்தவர் தாய். அந்தக் குஞ்சம்மாள்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி. அவருடைய பிற்காலத் தட்டுகள் இன்றும் எளிதில் கிடைக்கும். 1945இல் ‘மீரா’ படத்துக்காகச் சோழவந்தான்காரரான எஸ்.வி. வெங்கட்ராமன் இசையில் அவர் பாடியவை தமிழ்நாடெங்கும் வீடு வீடாகப் போயின. சேகரிப்பாளர்கள் ஏங்குவது அந்தச் சிறுமியின் குரலுக்கும், அதோடு சேர்ந்து ஒலிக்கும் தாயின் வீணைக்கும்தான். மகளின் புகழில் மறைந்துபோன அந்த விரல்களைக் கேட்க வேண்டும் என்ற ஆசை மிக நியாயமானது.

தட்டு நிலைப்பதிலும் ஒரு விபரீதம் இருக்கிறது. 78 சுழற்சித் தட்டு அரக்கும் கல்மாவும் கரியும் கலந்து வார்த்தது. எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். ஊசிக்குக் காசு போகிறதே என்று ஒரே ஊசியைப் பத்துப் பாட்டுக்கு ஓட்டினால் அது கோட்டையே உழுதுவிடும். ஊர் விரும்பிய பாட்டு ஆயிரம் கல்யாணத்தில் தேய்ந்து இரைச்சலாகிப் போயிற்று. யாரும் கேட்காத பாட்டு புதுசு குலையாமல் உறையில் கிடந்தது. பழைய தட்டுகளைக் கொண்டு அந்தக் காலத்து ரசனையை அளப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. பளபளப்பான தட்டு பெரும்பாலும் விற்காத தட்டு. கீறல் விழுந்து, விளிம்பு உடைந்து, நடுத்துளை அகன்று போனதுதான் மக்கள் கொண்டாடியது.

1930களில் போட்டி சூடுபிடித்தது. எச்.எம்.வி.யின் நாய்ப் படத்துக்கு எதிராகக் கொலம்பியா, பிராட்காஸ்ட், ஓடியன் என்று பல முத்திரைகள் சந்தைக்கு வந்தன. காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போன ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி ஓடியன் தட்டுகளை விற்றார், பின்னால் ஏவி.எம். ஸ்டுடியோவாக வளர்ந்தது அந்தத் தட்டு வியாபாரத்தில் கற்ற ரசனையிலிருந்துதான். 1932 முதல் 1938 வரை பம்பாயிலும் சென்னையிலும் பதிவான ஓடியன் தட்டுகள் 2,000 தலைப்புகளுக்கு மேல். உலகப் போர் நெருங்க, ஜெர்மன் கம்பெனியான ஓடியனின் வேலை இங்கே நின்றுபோனது. அவற்றை மீட்டு எண்மமாக்கும் பணி பிரிட்டிஷ் நூலக நிதி உதவியுடன் நடந்தபோது தனி மனிதர்களின் வீடுகளைத்தான் தட்ட வேண்டியிருந்தது. முன்னின்று செய்தவர் பம்பாயில் 1990இல் உருவான இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் சுரேஷ் சந்த்வன்கர். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்ததோடு நிற்காமல், எந்தப் பாட்டு, யார் இசை, எந்த ஆண்டு என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டே இருந்தார். சேர்ப்பதைவிட இந்த இரண்டாவது வேலை கடினம்.

ஏனென்றால் தட்டு தானாகப் பேசுவது மிகக் குறைவு. முத்திரையில் பாடகர் பெயர், ராகம், தாளம், தட்டு எண் இருக்கும். பாட்டு எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது, தேதி இருக்கவே இருக்காது. முத்திரைக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே உள்ள வழவழப்பான வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொடி எழுத்தில் பதிவு எண் தெரியும். ஆண்டைக் கணிக்க அதுதான் ஆதாரம். ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் கிராமபோன் கம்பெனியின் முதல் இந்தியப் பதிவுகளை எண் வாரியாகப் பட்டியல் போட்டது இந்தத் துறைக்கே அடித்தளம் ஆனது.

சொற்களைக் கண்டுபிடிக்க வேறோர் இடம் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலுக்கு எதிரே புதுமண்டபத்துத் தூண்களுக்கு இடையே புத்தகக் கடைகள் இருந்தன. நாடகப் பாட்டும் கிராமபோன் பாட்டும் மலிவுத் தாளில் அச்சாகி அங்கே விற்றன. தட்டு வாங்க வசதியில்லாதவரும் காலணாப் புத்தகத்தை வாங்கிப் பாடிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட உதிரித் தாள்களைக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒதுக்காமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது.

பாஸ்கரதாஸ் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நாட்குறிப்பு எழுதினார். பேரன் முருகபூபதியின் முயற்சியில் அது புத்தகமாகவும் வந்திருக்கிறது. எந்த ஊரில் நாடகம், யார் வந்து பார்த்தார், யாருக்குப் பாட்டு எழுதினார் என்று நாள்தோறும் குறித்து வைத்த மனிதர் அவர். அந்தக் குறிப்பை ஒரு கையிலும், தட்டு எண் பட்டியலை மறு கையிலும், புதுமண்டபத்துப் பாட்டுப் புத்தகத்தை முன்னாலும் வைத்துக்கொண்டால் பெயரில்லாத பல தட்டுகளுக்குப் பாட்டு எழுதியவரைச் சேர்த்துவிட முடியும். அதைச் செய்யப் பரணில் கிடக்கும் பெட்டிகள் முதலில் கீழே இறங்க வேண்டும். அரக்கு ஈரத்தையும் வெயிலையும் ஒருசேரத் தாங்காது. மதுரைச் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் படுக்கையாக அடுக்கிய தட்டு வளைந்துவிடும். நிமிர்த்தி, செங்குத்தாக, நிழலில் வைக்கச் சொல்கிறார்கள் பழகியவர்கள்.