வானின் கூரையை அளந்த வரலாறு

1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் முதல் 9ஆம் நாள் வரை இலண்டன் மாநகரம் புகைமூட்டத்துள் ஆழ்ந்து கிடந்தது. அடுப்புகளிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரியின் புகை மேலெழ வழியின்றித் தெருக்களிலேயே தேங்கிற்று. அதனால் மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என முதலிற் கணிக்கப்பட்டது. 2001இல் வெளிவந்த மறு ஆய்வொன்று அத்தொகை 12,000 வரை இருக்கலாமெனக் கூறிற்று. அந்நாட்களில் எரிக்கப்பட்ட கரி ஏனைய குளிர்நாட்களில் எரிக்கப்பட்டதினும் பன்மடங்காயிருந்ததன்று. புகை பரவுதற்குக் கிடைத்த வெளியே மிகக் குறுகிவிட்டது.

பகலில் ஞாயிற்றின் வெம்மையால் நிலம் சூடேற, அதனையடுத்த வளியும் சூடேறி மேலெழும். மேலுள்ள குளிர்ந்த வளி கீழிறங்கும். இவ்வாறு புகையும் தூசியும் நீராவியும் ஒருங்கு கலக்கப்பெறும் பகுதியே கலப்புப் படை எனப்படும். தெளிந்த பிற்பகலில் அதன் உயரம் 1 கிலோமீற்றரையும் கடக்கும். இரவிலோ சில நூறு மீற்றருக்குள் ஒடுங்கும். உயரஞ் செல்லச் செல்ல வளி குளிர்வதே இயல்பாயினும், சிலவேளை குளிர்ந்த வளியின்மீது வெப்ப வளி மூடிபோற் படிவதுண்டு. வெப்பநிலை நேர்மாறல் எனப்படும் அத்தகைய மூடியே அன்று இலண்டன்மேற் படிந்திருந்தது.

கண்ணுக்குத் தோன்றாத இக்கூரையை அளப்பது எங்ஙனம்? 1894இல் அமெரிக்காவின் புளூ ஹில் அவதான நிலையத்தார், தானே பதியும் வெப்பமானியைப் பட்டத்திற் கட்டி மேலேற்றினர். 1930 சனவரியில் இரசிய அறிஞர் மொல்ச்சானோவ், வெப்பநிலையை வானொலி வாயிலாக அறிவிக்குங் கருவியைப் பலூனிற் பறக்கவிட்டார். 1964இல் ஹோல்ஸ்வேர்த் என்பார், பலூன் தந்த காலை அளவுகளையும் நிலத்திற் பதிவான உச்ச வெப்பநிலையையுங் கொண்டு, அமெரிக்க நகரங்களின் கலப்புப் படை உயரத்தைக் கணித்தார். எனினும் பலூன் நாளொன்றுக்கு இருமுறை மேலேறுவதே வழக்கம். கலப்புப் படையோ மணிக்கு மணி மாறுவது.

தொலைவில் நின்றே அதனை அறியும் வழி முன்னரே ஓரளவு தென்பட்டிருந்தது. 1873இல் ஜோன் தின்டல், மூடுபனியிற் கப்பல்களை எச்சரிக்கும் ஊதுகொம்புகளை இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிற் சோதித்தார். தெளிந்த நாளொன்றில் ஒலி குறுகிய தூரத்துள்ளேயே மங்கியது. முகிலற்ற வெளியிலிருந்து எதிரொலியும் வந்தது. வளியிற் கண்ணுக்குப் புலனாகாத 'ஒலி முகில்கள்' உளவென அவர் கருதினார். அறிஞர் சிலர் அவர் விளக்கத்தை ஏற்றிலர். ஆயினும் தெளிந்த வளியும் ஒலியைத் திருப்பியனுப்புமென்னுங் கருத்து அழியவில்லை.

வானொலித் தொடர்பு இடையிடையே தளர்வதன் காரணத்தை நாடிய பெல் ஆய்வுகூடத்தார் மூவர், ஒலியை மேல்நோக்கி எழுப்பி அதன் எதிரொலியை ஆராய்ந்து, 1946இல் முடிபுகளை வெளியிட்டனர். அவர்கள் வழங்கிய 'சோடார்' என்னும் பெயரே இன்றும் நிலைத்துள்ளது. 1968இல் தென் அவுஸ்திரேலியாவிற் பணியாற்றிய மக்கலிஸ்ரர் இம்முறையைத் திருத்தி, கீழ்வளியின் படைகள் எழுவதையும் தாழ்வதையும் தொடர்ந்து பதியலாமெனக் காட்டினார்.

1960இல் மைமன் இலேசர் ஒளியை ஆக்கினார். மூன்றாண்டுகளுள் ஃபியோக்கோவும் சமலினும் அதனால் உயர் வளிமண்டலத்தைத் துருவினர். லிக்டா கீழ்வளியை ஆராய்ந்தார். இலேசர்த் துடிப்பு தூசித் துணிக்கைகளிற் பட்டுத் திரும்புவதைக் கொண்டு உயரமறியும் இக்கருவி 'லைடார்' எனப்பட்டது.

ஈண்டு ஓர் உண்மையை மறத்தலாகாது. இக்கருவிகள் யாவும் கலப்புப் படையை நேரே காண்பனவல்ல; அதன் அடையாளங்களையே காண்பன. சோடார் வெப்பநிலையின் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளைக் கேட்கின்றது. ஆயின் நண்பகலிற் படை உயர்ந்தபோது அதன் உச்சியை எட்டமாட்டாது. லைடார் தூசியைக் காண்கின்றது. ஆயின் மாலையிற் கலப்பு ஓய்ந்தபின்னரும் பகற்றூசி மேலே தங்குவதால், அதன் எல்லையையே கூரையெனக் காட்டி மயக்கும். ஒரே இரவில் ஒரு கருவி 200 மீற்றர் எனவும் மற்றையது 1,200 மீற்றர் எனவும் உரைத்தல் கூடும். இரண்டும் பொய்யல்ல, ஒவ்வொன்றும் எதனை அளந்ததென அறிந்தவனுக்கே அவ்வெண் பயன்படும். பெரிய எண்ணை ஆராயாது ஏற்பவன், நச்சுப்புகை தேங்கிய நகரை நல்வளி நிறைந்ததெனக் கணித்து விடுவான்.

விமான நிலையங்களில் முகிலின் உயரத்தை அளக்க நிறுவப்பட்ட சிறு இலேசர்க் கருவிகளும் பின்னாளில் இப்பணிக்கு வந்தன. முகிலை மட்டுமே தேடியவர்க்குத் தூசியிலிருந்து மீண்ட மெல்லொளி வேண்டாத குறியாயிருந்தது. கலப்புப் படையைத் தேடியவர்க்கு அதுவே சான்றாயிற்று. தின்டலின் எதிரொலியும் அவ்வாறு இடையூறாக வந்து அறிவாக மலர்ந்ததே. தம் நோக்கத்திற்குப் புறம்பானதெனத் தோன்றுவதையும் குறித்துவைத்த ஆய்வாளராலேயே வானின் கூரை மனிதனுக்குப் புலனாயிற்று.