கைப்பேசி சூடேறினால் உள்ளே நடப்பது என்ன?

பத்தாங் காலி வெயிலில் காருக்குள் விட்டுச் சென்ற கைப்பேசியின் வேகம் குறைவது பெரும்பாலும் பழுதல்ல, தற்காப்பு.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் லினக்ஸ் கெர்னலைக் கொண்டு இயங்குகின்றன. சில்லுக்குள் வெப்ப உணரிகள் எங்கே உள்ளன, எத்தனை டிகிரியில் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 'டிவைஸ் ட்ரீ' எனும் விவரக் கோப்பில் எழுதி வைக்கின்றனர். அதன்படியே கெர்னலின் டிரைவர் உணரியைக் கவனிக்கிறது. கணக்கு மில்லி செல்சியசில்: 45000 என்றால் 45 டிகிரி.

முதல் வரம்பைத் தாண்டினால் வேகம் குறையும். அபாய வரம்பை எட்டினால் கருவி தானே அணைந்துவிடும். வரம்பைத் தவறாக எழுதினால் கருவி காரணமின்றி அணையும், அல்லது சூட்டில் கெடும்.

சூடான கைப்பேசியின் உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் உள்ளே நீர் கோக்கக்கூடும்.