விவேக் (துப்பறியும் பாத்திரம்)

கோவை எழுத்தாளர் ராஜேஷ்குமார் (பிறப்பு 1947, இயற்பெயர் கே.ஆர். ராஜகோபால்) படைத்த குற்றப்பிரிவு அதிகாரி. மனைவி ரூபலா, உதவியாளர் விஷ்ணு ஆகியோருடன் பல நாவல்களில் வருகிறார். ஜி. அசோகனின் ‘க்ரைம் நாவல்’ போன்ற மாத இதழ்கள் வழியே இவர் பரவலாக அறிமுகமானார். பேருந்து நிலையக் கடையில் தொங்கும், சாணித்தாளில் அச்சான அந்தச் சிறு புத்தகத்தை ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடலாம்.

ஈர்ப்பின் மையம் கதைப்பின்னல். ஓர் அத்தியாயத்தில் ஒரு குற்றம், அடுத்ததில் தொடர்பே இல்லாத வேறொரு குடும்பம். இரண்டு தடங்களும் மாறி மாறி ஓடிக் கடைசிப் பக்கங்களில் முட்டிக்கொள்ளும். எங்கே முட்டும் என்று ஊகிப்பதே வாசகருக்கு விளையாட்டு. பிணத்தின் அருகிலும் வாய் ஓயாத விஷ்ணு இறுக்கத்தைத் தளர்த்துகிறார். உண்மையில் விவேக்கைவிட அவரே மனதில் நிற்கிறார்.

பிரிட்டனில் இயன் ரேங்கின் 1987இல் தொடங்கிய ரீபஸ் துப்பறியும் நாவல் வரிசையில் நாயகன் மூப்படைகிறார், ஓய்வும் பெறுகிறார். எடின்பரோ நகரமும் கூடவே மாறுகிறது. விவேக்குக்கு வயதே ஏறுவதில்லை. பாத்திர ஆழத்தில் இது குறைதான். ஆனால் நடுவில் எந்த நாவலை எடுத்தாலும் முன்கதை தெரியாமலே படிக்கலாம்.

ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1,500ஐத் தாண்டும். விவேக் அவற்றுள் ஒரு பகுதியில் மட்டுமே வருகிறார்.