கறுத்த அணையாடை சொன்ன உண்மை



பிள்ளைக்குப் பிறவியிலேயே நோய் என்றால், "தாய் வீட்டுச் சீதனம்" என்று பழிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஓயவில்லை. பெற்றோர் சந்திப்பு நாளொன்றில் அச்சொல்லைக் கேட்டு ஒரு தாய் தலைகுனிந்து நின்றதை நான் கண்டேன். அவருக்குச் சொல்ல நினைத்த வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

இலண்டனில் ஆர்ச்சிபால்ட் கேரோட் என்னும் மருத்துவர் அல்காப்டோனூரியா என்ற அரிய குறைபாட்டை ஆராய்ந்தார். இக்குறைபாடு உடையோரின் சிறுநீர் காற்றுப்பட்டால் கறுத்துவிடும். குழந்தையின் அணையாடையில் படியும் கறையே முதல் அடையாளம். குடற்கிருமிகளே காரணம் என அக்கால மருத்துவர் சிலர் கருதினர். கேரோட் அதனை ஏற்கவில்லை. குறை பிறவியிலேயே இருந்தது; உடன்பிறந்தோர் சிலருக்கும் இருந்தது; பெற்றோரோ நலமாக இருந்தனர். அப்பெற்றோருள் பலர் நெருங்கிய இரத்த உறவினர் என்பதையும் அவர் கண்டறிந்தார்.

பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் 1866-இல் வெளியிட்ட மரபு விதிகள் 1900-இல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. உயிரியல் அறிஞர் வில்லியம் பேட்சன் அவ்விதிகளைக் கொண்டு இப்புதிரை விளக்கினார். 1902-இல் கேரோட்டின் கட்டுரை 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மெண்டலின் விதி மனித நோய்க்கும் பொருந்தும் என்பதற்கு அதுவே முதற்சான்றாயிற்று.

விளக்கம் எளிது. பெரும்பாலும் ஒவ்வொரு மரபணுவும் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டாக வருகிறது. இத்தகைய நோயில், ஒன்று பழுதானாலும் மற்றொன்று காத்துவிடும். இரண்டும் பழுதானால்தான் நோய் தோன்றும். தாய் தந்தை இருவரும் ஒவ்வொரு பழுதான மரபணுவை உடையவராயின், ஒவ்வொரு கருவுறுதலிலும் நோய்க்கான வாய்ப்பு 25 விழுக்காடு. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவருக்கு வராது என்று கணக்கிடுவது தவறு. நாணயம் முன்பு விழுந்ததை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் ஒரே தாத்தாவின் மறைந்த பழுது இரு வழியாகவும் வந்து சேரக்கூடும். அத்தகைய தம்பதியரின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். எனினும் ஆபத்து கூடுகிறது. சில நோய்கள் தாய்வழி மட்டும் வருவதுமுண்டு. அங்கும் தாய் விரும்பிக் கொடுத்தது எதுவுமில்லை.

கடுமையான தாலசீமியாவும் இருவழி மரபில் வருவதே. மலேசியாவில் நான்காம் படிவ மாணவர்களுக்கான தாலசீமியாப் பரிசோதனை 2016-இல் தொடங்கப்பட்டது. ஒப்புதல் பாரம் வீட்டுக்கு வந்தால் அஞ்சாமல் கையொப்பமிடுங்கள். ஒற்றைப் பழுது நோயன்று. அதை அறிந்து வைத்திருப்பது பிள்ளையின் எதிர்காலத்துக்குக் காப்பு.

தலைகுனிந்த அந்தத் தாயிடம் அன்று நான் இவற்றைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். நீங்களாவது சொல்லுங்கள்.