லேபிள் யாருடைய சொல்? ஆவணப் பட்டியலின் மொழி இணையத்துக்கு வந்த வரலாறு

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஷேக்ஸ்பியரின் உயிலுக்குரிய எண் 'புரோப் 1/4'. புரோப் என்பது கேன்டர்பரி பேராயத்தின் உயில் நீதிமன்றத்தைக் குறிக்கும் எழுத்துக் குறி. 1 என்பது வரிசையின் எண். 4 என்பது 'பீஸ்'. பீஸ் என்றால் துண்டு என்றுதான் வெளியாள் நினைப்பார். காப்பகத்திலோ அது வாசகர் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஓர் அலகு: பெட்டியாக இருக்கலாம், கோப்பாகவோ தோல்சுருளாகவோ இருக்கலாம். அதே காப்பகத்தின் இணையப் பட்டியலில் பல பதிவுகளின் கீழே 'திறந்த ஆவணம், திறந்த விவரிப்பு' என்று ஒரு வரி இருக்கும். ஆவணத்தையும் பார்க்கலாம், அதைப் பற்றிய குறிப்பையும் பார்க்கலாம் என்பது பொருள். ஆவணம் மூடியிருந்தாலும் குறிப்பு மட்டும் திறந்திருப்பதுண்டு என்று முன்பே அறிந்தவருக்கே இந்த வரி விளங்கும். இத்தகைய சொற்கள் எப்போது, யாருக்காகப் பிறந்தன என்று பார்த்தால், அவற்றை மாற்றலாமா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது.

முதல் சொல் பிரான்சில் பிறந்தது. 1841 ஏப்ரல் 24 அன்று பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் மாவட்டக் காப்பகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குப் பின்னால் இருந்தவர் காப்பாளர் நத்தாலிஸ் த வாய்யி. ஒரே அலுவலகம், ஒரே குடும்பம், ஒரே மனிதர் என்று ஓரிடத்திலிருந்து வந்த தாள்களைப் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள்; பொருள்வாரியாகக் கலைத்துவிடாதீர்கள் என்பது அதன் சாரம். அப்படிச் சேர்ந்திருக்கும் மொத்தத்துக்கு 'ஃபோன்ட்ஸ்' என்று பெயர். 1898இல் முல்லர், ஃபைத், ஃபிராய்ன் ஆகிய மூன்று டச்சுக் காப்பாளர்கள் எழுதிய கையேடு இந்தக் கொள்கையை 100 விதிகளாக விரித்தது. கலைச்சொற்களை எப்படிச் சீராகக் கையாளுவது என்பதற்கென்றே அதில் ஓர் இயல் உண்டு. காப்பாளர் எழுதுவதை இன்னொரு காப்பாளர் பிழையின்றிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே அந்த இயலின் கவலை. வாசகருக்குப் புரியுமா என்ற கேள்வி அங்கே எழவில்லை. அன்று எழவேண்டிய தேவையும் இல்லை.

ஏன் தேவை இல்லை என்பதுதான் இந்த வரலாற்றின் முடிச்சு. 1922இல் பிரிட்டிஷ் காப்பாளர் ஹிலரி ஜென்கின்சன் எழுதிய கையேடு, காப்பாளரின் முதல் கடமை ஆவணங்களைக் காப்பது, ஆய்வாளருக்கு உதவுவது அதற்கு அடுத்தது என்று வரிசைப்படுத்தியது. இன்று படித்தால் கடுமையாகத் தோன்றும். ஆனால் அக்காலப் படிப்பறையில் வாசகர் தனியாக விடப்படவில்லை. தட்டச்சுப் பட்டியல்கள் அலமாரியில் இருந்தன. அவற்றுக்கும் வாசகருக்கும் நடுவே மேசையில் ஒரு மனிதர் இருந்தார். "தாத்தா முதல் உலகப் போரில் இருந்தார், அவர் படைப்பிரிவின் நாட்குறிப்பு கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்டால், அதை 'போர் அலுவலகம், வரிசை 95' என்று மொழிபெயர்த்தது அவர்தான். பட்டியலின் சொற்கள் கரடுமுரடாக இருந்ததற்கு அறியாமை காரணம் அல்ல. பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பின்னாளில் பிரிட்டிஷ் பொது ஆவண அலுவலகம் (இன்றைய தேசிய ஆவணக் காப்பகம்) தன் பட்டியலை இணையத்தில் ஏற்றியபோது சொற்கள் திரைக்கு வந்தன; மேசையில் இருந்தவர் வரவில்லை. இன்று தேடுபொறி வழியே வருபவர் நேராக ஏதோ ஒரு பீஸின் பக்கத்தில் போய் இறங்குகிறார். மேலே என்ன வரிசை, அதற்கும் மேலே எந்தத் துறை என்று அவருக்குச் சொல்ல லேபிளைத் தவிர வேறு ஆள் இல்லை.

இந்த இடைவெளியை ஆய்வாளர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1998இல் கனடாவில் வெண்டி டஃப், பென்கா ஸ்டோயனோவா இருவரும் ஆவண விவரிப்பின் திரைகளை வாசகர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். 2004இல் எலிசபெத் யேக்கல், இணையத்தில் இருக்கும் ஆவண வழிகாட்டிகள் வாசகருக்குப் பாலமா, தடையா என்று ஆராய்ந்தார்; காப்பகத் துறையின் கலைச்சொற்களே வாசகர் தடுக்கி விழும் இடங்களில் ஒன்று என்பது அவர் கண்டது. இவை சிறிய ஆய்வுகள்தாம். ஆனால் மேசைக்கு வந்து கேட்கும் வாசகரைப் பார்த்துப் பழகிய எந்தக் காப்பாளரும் இந்த முடிவை மறுக்கமாட்டார்.

அப்படியானால் லேபிள்களை மாற்றிவிடலாமே என்றால் மூன்று மறுப்புகள் வருகின்றன. எளிமையாக்கினால் துல்லியம் போய்விடும் என்பது முதல் மறுப்பு. இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஃபோன்ட்ஸ் என்ற சொல்லில் ஒரு முழுக் கொள்கை அடங்கியிருக்கிறது. 1990இல் கனடா தன் விவரிப்பு விதிகளில் அந்தப் பிரெஞ்சுச் சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்ததும் அதனால்தான். ஆனால் அமெரிக்கர்கள் வேறு வழி எடுத்தார்கள். 2004இல் வெளியான அவர்களுடைய விதிநூலின்படி, ஒருவரின் அல்லது ஒரு குடும்பத்தின் ஆவணங்களானால் 'தாள்கள்', நிறுவனத்துடையதானால் 'பதிவுகள்', யாரோ தேடிச் சேர்த்ததானால் 'தொகுப்பு'. மூன்றும் எவருக்கும் தெரிந்த சொற்கள். ஆனாலும் ஃபோன்ட்ஸ் என்ற ஒற்றைச் சொல் சொல்லாத ஒரு வேறுபாட்டை அவை சொல்கின்றன. எளிய சொல் துல்லியத்தைக் குறைத்தே தீரும் என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

சர்வதேச விதிகளை மீறலாமா என்பது அடுத்தது. 1994இல் முதல் பதிப்பும் 2000இல் இரண்டாம் பதிப்பும் கண்ட சர்வதேசப் பொது விவரிப்பு விதியில் 26 கூறுகள் உள்ளன. நாடுகளுக்கிடையே தகவல் பரிமாற அவற்றில் 6 இன்றியமையாதவை. ஆனால் அக்கூறுகளை வாசகருக்கு எந்த வடிவில் காட்டுவது என்பதை அந்த விதி வகுக்கவில்லை. அதே 1990களில் உருவான, கணினிக்கான ஆவணக் குறியீட்டு மொழியும் ஒவ்வொரு பகுதிக்கும் காப்பகம் தன் விருப்பப்படி தலைப்பு இட இடம் விட்டிருக்கிறது. உள்ளே குறி ஒன்றாகவே இருக்கும். வெளியே தெரியும் சொல் வேறாகலாம். பிரிட்டிஷ் காப்பகமே நெடுநாள் 'வகுப்பு' என்று சொல்லிவந்ததைச் சர்வதேச விதிக்கு ஏற்ப 'வரிசை' என்று மாற்றியது. புரோப் 1 புரோப் 1ஆகவே நின்றது. பழைய நூல்களின் ஓர் அடிக்குறிப்பும் பொய்யாகவில்லை. விதிக்காக ஒருமுறை மாற்ற முடிந்ததை வாசகருக்காக மாற்றக் கூடாது என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

மூன்றாவது மறுப்புக்குத்தான் அதிகம் தலை வணங்க வேண்டும்: பெயரை மாற்றுவது வரலாற்றை மாற்றுவது. சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினிக் கவுன்சிலின் அன்றாட நடவடிக்கைகளைப் பதிந்த ஏடுகளுக்கு 'கன்சல்டேஷன்' என்று பெயர். 1910 முதல் அச்சான அவற்றின் தொகுதிகளும் 'நாட்குறிப்பும் கன்சல்டேஷன் ஏடும்' என்றே வந்தன. இன்று கன்சல்டேஷன் என்றால் மருத்துவரின் கட்டணம்தான் நினைவுக்கு வரும். அதற்காக அந்த ஏட்டின் பெயரைத் திருத்த முடியாது. அது ஏட்டை உண்டாக்கியவர்கள் இட்ட பெயர், அதுவே ஒரு சான்று. பக்கத்தில் 'கவுன்சில் கூட்டங்களின் பதிவு' என்று ஒரு விளக்கம் சேர்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் 'பீஸ்', 'திறந்த விவரிப்பு', ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பகுதிக்கு இடும் 'வரம்பும் உள்ளடக்கமும்' ஆகிய லேபிள்கள் எந்த ஆவணத்திலும் இல்லை. அவை காப்பாளர் பின்னால் வந்து ஒட்டியவை. ஆவணத்தின் சொல்லைத் தொடாதே என்ற கட்டளையைக் காப்பாளரின் சொல்லுக்கும் நீட்டியதில்தான் இந்தத் தயக்கம் முழுவதும் பிறந்திருக்கிறது.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சொல் இருக்கிறதா என்றால், இல்லை. 1987இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரே பொருளுக்கு இருவர் தாமாக ஒரே சொல்லைத் தேர்வது 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காட்டினார்கள். அவர்கள் சொன்ன தீர்வு, ஒரு பொருளுக்குப் பல சொற்களைக் கணினி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. திரையில் ஒரு சொல்தான் நிற்க முடியும். தேடும் பெட்டிக்குப் பின்னால் பத்துச் சொற்கள் நிற்கலாம், அவற்றில் பழைய கலைச்சொல்லும் ஒன்றாக இருக்கட்டும். பழகிய ஆய்வாளருக்கு இதில் இழப்பில்லை.

தமிழில் ஆவணப் பட்டியல் அமைப்பவர்களுக்கு இது உடனடி வேலை. ஆங்கில லேபிள்களை வரிக்கு வரி பெயர்த்தால் 'வரம்பும் உள்ளடக்கமும்', 'அணுக்கத்தை நெறிப்படுத்தும் நிபந்தனைகள்' என்று வரும். ஆங்கிலத்தில் காப்பாளருக்காவது புரிந்தது தமிழில் அவருக்கும் புரியாது. 'இதில் என்ன இருக்கிறது', 'எத்தனை பெட்டி, எத்தனை பக்கம்', 'யார் எழுதியது', 'யார் கையில் இருந்து வந்தது', 'பார்க்க அனுமதி உண்டா' என்று எழுதினால் ஒரு கூறும் குறையாது. ஃபோன்ட்ஸுக்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதும் இல்லை: அலுவலகத்தின் பதிவேடுகள், ஒருவரின் தாள்கள், சேகரித்தவரின் திரட்டு.